பறவை நோக்கல்

பறவை நோக்கல் என்பது இயற்கைச் சூழலில் உலவும் பறவைகளை, அவற்றுக்கு இடையூறு செய்யாமல், கண்ணாலும் காதாலும் அறிந்து, இனங்கண்டு, குறித்து வைக்கும் பொழுதுபோக்கு ஆகும். பறவை கவனித்தல், பறவை அவதானிப்பு என்றும் இது அழைக்கப்படுகிறது. இதில் ஈடுபடுவோர் பறவை நோக்கர்கள் எனப்படுவர். பறவைகளைப் பற்றிய அறிவியல் துறை பறவையியல் ஆகும். பறவை நோக்கலுக்குப் பட்டமோ பயிற்சியோ தேவையில்லை. ஆயினும் பறவையியல் இன்று பயன்படுத்தும் தரவுகளில் பெரும்பகுதி, வேறு தொழில்களில் இருந்துகொண்டு ஓய்வு நேரத்தில் பறவைகளைப் பார்ப்பவர்கள் திரட்டித் தந்தவையே.

உலகில் ஏறத்தாழ 11,000 பறவை இனங்கள் உள்ளன. இந்தியாவில் 1,300-க்கும் மேற்பட்ட இனங்களும், தமிழ்நாட்டில் 500-க்கும் மேற்பட்ட இனங்களும் பதிவாகியுள்ளன. அரிய பறவைகளைத் தேடித் தொலைதூரம் செல்வது பறவை நோக்கலின் ஒரு பகுதி மட்டுமே. தன் வீட்டையும் தெருவையும் ஊர் ஏரியையும் சுற்றியுள்ள பறவைகளைப் பெயர் சொல்லி அறிவதும், அவற்றைத் தொடர்ந்து குறித்து வருவதுமே இதன் அடிப்படை ஆகும். இக்கட்டுரை தமிழ்நாட்டுச் சூழலை முதன்மையாகக் கொண்டு இதனை விளக்குகிறது.

வரலாறு

பறவைகளை அறிவதற்கு அவற்றைச் சுட்டு வீழ்த்தித் தோலைப் பதப்படுத்துவதே 19-ஆம் நூற்றாண்டு வரை வழக்கமாக இருந்தது. கையில் உயிரற்ற பறவை இருந்தால்தான் அதன் இனத்தை உறுதிசெய்ய முடியும் என்று கருதப்பட்டது. இதற்கு விலக்காக, இங்கிலாந்தைச் சேர்ந்த பாதிரியார் கில்பர்ட் ஒயிட் தன் ஊரான செல்போர்னின் பறவைகளை உயிருடன் கவனித்து எழுதினார். அவருடைய நூல் 1789-இல் வெளிவந்தது. தோற்றத்தில் ஒன்றுபோல் இருந்த மூன்று சிறு கதிர்க்குருவிகள் வெவ்வேறு இனங்கள் என்பதை அவர் அவற்றின் பாட்டைக் கொண்டு பிரித்தறிந்தார்.

அமெரிக்காவில் கிறித்துமசு நாளன்று பறவைகளைப் போட்டி போட்டுக்கொண்டு சுடும் வழக்கம் இருந்தது. அதற்கு மாற்றாக, சுடாமல் எண்ணுவோம் என்று பிராங்கு சாப்மன் 1900-ஆம் ஆண்டில் ஒரு கணக்கெடுப்பைத் தொடங்கினார். முதல் ஆண்டில் 27 பேர் பங்கேற்ற அக்கணக்கெடுப்பு இன்றும் ஆண்டுதோறும் நடைபெறுகிறது. 1934-இல் ரோசர் டோரி பீட்டர்சன் வெளியிட்ட களக் கையேடு, ஒவ்வொரு பறவையிலும் தொலைவிலிருந்தே தெரியும் அடையாளங்களை அம்புக்குறியிட்டுக் காட்டியது. இதன்பின் துப்பாக்கியின் இடத்தை இருகண்ணோக்கி பிடித்துக்கொண்டது.

இந்தியாவில்

இந்தியப் பறவைகளை விரிவாகத் தொகுத்தவர்களுள் முதன்மையானவர் தாமசு செர்டன். சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றிய இவரது "இந்தியப் பறவைகள்" என்னும் ஆங்கில நூல் 1862-1864 காலப்பகுதியில் வெளிவந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1883-இல் நிறுவப்பட்டது. அக்கழகத்தோடு வாழ்நாள் முழுவதும் தொடர்பு கொண்டிருந்த சாலிம் அலி (1896-1987), 1941-இல் பொதுமக்களுக்காக எழுதிய இந்தியப் பறவைகள் பற்றிய கையேடு பல பதிப்புகளைக் கண்டது. இந்தியாவில் பறவை நோக்கல் ஒரு பொழுதுபோக்காக வேரூன்றியதற்கு அந்நூல் முக்கியக் காரணம் ஆகும்.

தமிழ் எழுத்தாளர் அ. மாதவையாவின் மகனான மா. கிருஷ்ணன் (1912-1996), 1950 முதல் தன் மறைவு வரை ஆங்கில நாளிதழ் ஒன்றில் இயற்கை பற்றிய பத்தியைத் தொடர்ந்து எழுதினார். தமிழிலும் பறவைகள், விலங்குகள் பற்றி எழுதிய அவர், ஊர்ப்புறத்தில் காணும் எளிய உயிரினங்களுக்கே அதிக இடம் அளித்தார்.

இனங்காணும் முறை

புதிதாகத் தொடங்குபவர்கள் பறவையின் நிறத்தை மட்டும் மனத்தில் கொள்வது வழக்கம். நிறம் வெளிச்சத்துக்கு ஏற்ப மாறித் தோன்றும். ஆண், பெண், இளம் பறவை ஆகியவற்றின் நிறங்களும் வேறுபடும். எடுத்துக்காட்டாக, ஆண் குயில் கறுப்பாகவும் பெண் குயில் பழுப்பு நிறத்தில் வெண்புள்ளிகளுடனும் இருக்கும். இவை இரண்டும் வெவ்வேறு பறவைகள் என்றே பலர் எண்ணுகின்றனர். எனவே பின்வருவனவற்றை வரிசையாகக் கவனிப்பது நல்லது.

* அளவு: சிட்டுக்குருவி, மைனா, காகம், பருந்து ஆகிய நான்கையும் அளவுகோலாகக் கொண்டு, காணும் பறவை எதை ஒத்தது என்று பார்த்தல்.
* வடிவம்: அலகின் நீளமும் வளைவும், வாலின் நீளம், காலின் உயரம், கொண்டை உண்டா இல்லையா என்பன.
* நடத்தை: தரையில் நடக்கிறதா தத்துகிறதா, வாலை ஆட்டுகிறதா, கம்பியிலிருந்து பறந்து பூச்சியைப் பிடித்து மீண்டும் அதே இடத்துக்கு வருகிறதா என்பன.
* இடம்: வயல், நீர்நிலை, முட்புதர், மரத்தின் உச்சி, கட்டிடம் முதலியன.
* காலம்: ஆண்டு முழுவதும் காணப்படுவதா, குளிர்காலத்தில் மட்டும் வருவதா என்பது.
* குரல்: பறவை கண்ணில் படுவதற்கு முன்பே பெரும்பாலும் காதில் விழுந்துவிடும்.

நாம் பொதுவாக வெள்ளைக் கொக்கு என்று அழைப்பது உண்மையில் நான்கு இனங்கள் ஆகும். மாடுகளுடன் மேய்ச்சல் நிலத்தில் திரிவது உண்ணிக்கொக்கு. இதன் கழுத்து குட்டை, அலகு மஞ்சள். இனப்பெருக்க காலத்தில் இதன் தலையும் கழுத்தும் செம்மஞ்சள் நிறம் பெறும். சின்னக் கொக்கின் அலகும் காலும் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள். பெரிய கொக்கு உயரமானது. அதன் வாய்க்கோடு கண்ணுக்குப் பின்புறம் வரை நீண்டிருக்கும். நடுத்தரக் கொக்கில் அக்கோடு கண்ணுடன் நின்றுவிடும். ஓர் ஏரிக்கரையில் அரை மணி நேரம் நின்றால் இந்த நான்கையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்புக் கிட்டும்.

உள்ளூர்ப் பறவைகள்

தமிழ்நாட்டின் சமவெளிப் பகுதிகளில் எளிதில் காணக்கூடிய பறவைகள் சில:

* காகம்: கழுத்து சாம்பல் நிறமாக இருப்பது வீட்டுக் காகம், உடல் முழுவதும் கறுத்து, தடித்த அலகுடன் இருப்பது அண்டங்காக்கை.
* தவிட்டுக்குருவி: ஆறேழு பறவைகள் கூட்டமாகத் தரையில் தத்தி, ஓயாமல் கத்திக்கொண்டு இரை தேடும்.
* கரிச்சான்: இரட்டைவால் குருவி என்றும் அழைக்கப்படும். மின்கம்பியில் அமர்ந்து பூச்சி பிடிக்கும். தன் கூட்டருகே வரும் காகத்தையும் பருந்தையும் துரத்தும்.
* செம்போத்து: காகத்தின் அளவுடையது. கறுத்த உடலும் செம்பழுப்பு இறக்கையும் சிவந்த கண்ணும் கொண்டது.
* செம்மார்புக் குக்குறுவான்: ஆல், அத்தி மரங்களில் இருக்கும் சிறிய பச்சைப் பறவை. செம்பைத் தட்டுவது போன்ற சீரான குரலால் அறியலாம்.
* தையல்சிட்டு: இலைகளைத் தைத்துக் கூடு கட்டும். உருவத்தில் மிகச் சிறியது, குரலில் பெரியது.
* வெண்தொண்டை மீன்கொத்தி: நீர்நிலை இல்லாத தோட்டங்களிலும் காணப்படும். பூச்சி, ஓணான் ஆகியவற்றையும் உண்ணும்.
* பனங்காடை: அமர்ந்திருக்கும்போது மங்கலாகவும், பறக்கும்போது இறக்கையில் நீலப் பட்டைகள் ஒளிரவும் தோன்றும்.
* ஆட்காட்டி: ஆள் நடமாட்டம் கண்டதும் குரலெழுப்பிப் பிற உயிர்களையும் எச்சரிப்பதால் இப்பெயர் பெற்றது.
* வைரி: சிறு கொன்றுண்ணிப் பறவை. இது வந்தால் அணில்களும் தவிட்டுக்குருவிகளும் ஒருசேர ஒலி எழுப்பும்.

பெயர்கள்

ஒரே பறவைக்கு வட்டாரத்துக்கு வட்டாரம் வேறு பெயர் வழங்குகிறது. மைனாவுக்கு நாகணவாய் என்ற பெயரும் உண்டு. செம்போத்தைச் செண்பகம் என்று அழைக்கும் ஊர்களும் உள்ளன. மாறாக, ஒரே பெயர் இரண்டு பறவைகளைக் குறிப்பதும் உண்டு. கொண்டலாத்தி என்பது நீண்ட வளைந்த அலகும் விசிறிக் கொண்டையும் உடைய பறவையின் பெயராக நூல்களில் உள்ளது. சில பகுதிகளில் அதே பெயர் சின்னானுக்கும் வழங்குகிறது. பேராசிரியர் க. ரத்னம் போன்றோர் இவ்வாறு சிதறிக் கிடந்த தமிழ்ப் பெயர்களைத் திரட்டியுள்ளனர்.

மக்கள் இட்ட பெயர்களில் பறவையின் நடத்தை பற்றிய அறிவு அடங்கியுள்ளது. நத்தையின் ஓட்டைத் திறந்து உண்பது நத்தைக்குத்தி நாரை. நீரில் உடல் மறையக் கழுத்தை மட்டும் பாம்புபோல் நீட்டி நீந்துவது பாம்புத்தாரா. விடியலிலும் அந்தியிலும் ஏறத்தாழ ஆறு மணிக்குக் குரலெழுப்புவது ஆறுமணிக்குருவி. கையேட்டில் உள்ள பெயரைக் கற்பதோடு, ஊரில் முதியவர்களும் மீனவர்களும் ஆடு மேய்ப்பவர்களும் வழங்கும் பெயரைக் கேட்டுக் குறித்து வைப்பதும் பறவை நோக்கரின் பணியாகும். பறவை ஓர் ஊரில் அருகிவிட்டால் அதன் பெயரும் அடுத்த தலைமுறையில் மறைந்துவிடுகிறது.

நேரமும் பருவமும்

காலையில் கதிரவன் எழுந்த பின் இரண்டு மணி நேரமும், மாலையில் மறையும் முன் ஒரு மணி நேரமும் பறவைகள் மிகுதியாக இயங்கும் நேரங்கள் ஆகும். அக்டோபர் முதல் மார்ச் வரை வலசைப் பறவைகளையும் காணலாம். இமயமலையைக் கடந்து வரும் வரித்தலை வாத்து கூந்தன்குளம் வரை வருகிறது. ஆறுமணிக்குருவி இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் இனப்பெருக்கம் செய்து, குளிர்காலத்தைத் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கழிக்கிறது.

வலசைப் பறவைகள் ஏரிகளில் மட்டுமே இருக்கும் என்பது தவறான எண்ணம். பிளித் நாணல் கதிர்க்குருவி என்னும் சிறு பழுப்புப் பறவை உருசியா, நடு ஆசியா முதலிய பகுதிகளிலிருந்து வந்து, நகர்ப்புற வீட்டுத் தோட்டத்துப் புதர்களில் பல மாதங்கள் தங்குகிறது. நாவால் சொடுக்குவது போன்ற அதன் "டக், டக்" ஒலி நாள்தோறும் கேட்டாலும் பெரும்பாலோர் அதனை அறிவதில்லை.

கருவிகள்

பறவை நோக்கலுக்கு ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் போதும். அடுத்து வாங்கத்தக்கது இருகண்ணோக்கி. அதன்மேல் 8 × 42 என்பது போன்று இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் எண் உருப்பெருக்கம். இரண்டாவது எண் முன்வில்லையின் விட்டம் மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால், கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 8 × 42-இல் இது 5.25 மி.மீ., 8 × 21-இல் 2.6 மி.மீ. மட்டுமே. நண்பகலில் மனிதக் கண்மணி 2 முதல் 3 மி.மீ. அளவே விரிவதால் இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். அந்தி நேரத்தில் கண்மணி மேலும் விரியும். அப்போது சிறிய கருவியில் காட்சி இருண்டு தெரியும். உருப்பெருக்கம் 10-க்கு மேற்பட்டால் கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும். எனவே தொடங்குபவர்களுக்கு 7 அல்லது 8 மடங்கு பொருத்தமானது.

பறவையின் ஒலியைக் கேட்டு இனத்தைச் சொல்லும் மெர்லின் போன்ற கைபேசிச் செயலிகள் இன்று கிடைக்கின்றன. அவை தரும் விடையைக் குறிப்பாக மட்டும் கொண்டு, பறவையைக் கண்ணால் கண்டோ குரலைத் தானே உறுதி செய்தோ பதிய வேண்டும்.

குறிப்பெடுத்தல்

நாள், தொடங்கிய நேரம், செலவிட்ட நேரம், இடம், கண்ட இனங்கள், ஒவ்வொன்றின் எண்ணிக்கை ஆகியவை ஒரு பதிவில் இருக்க வேண்டும். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் கழகமும் 2002-இல் தொடங்கிய இ-பேர்டு என்னும் இணையத் தரவுத்தளத்தில் இத்தகைய பதிவுகளை எவரும் இடலாம்.

கண்ட எல்லா இனங்களையும் எழுதுவது முழுமைப் பட்டியல் எனப்படும். புதியவர்கள் பெரும்பாலும் அரிய பறவையை மட்டும் எழுதிவிட்டு, காகத்தையும் மைனாவையும் விட்டுவிடுகின்றனர். இது பதிவின் பயனைக் குறைத்துவிடும். ஓர் ஊரில் ஓராண்டில் 100 முழுமைப் பட்டியல்கள் எடுக்கப்பட்டு, அவற்றில் 80-இல் சிட்டுக்குருவி இருந்தது எனக் கொள்வோம். பத்து ஆண்டுகள் கழித்து அதே ஊரில் 500 பட்டியல்களில் 200-இல் மட்டும் அது இருந்தால், சிட்டுக்குருவியைக் கண்ட பதிவுகள் 80-இலிருந்து 200-ஆகக் கூடியுள்ளன. ஆனால் பட்டியல்களில் அதன் பங்கு 80 விழுக்காட்டிலிருந்து 40 விழுக்காடாகக் குறைந்துள்ளது. முன்னது பார்ப்பவர்கள் பெருகியதைக் காட்டுகிறது. பின்னதே பறவை அருகியதைக் காட்டுகிறது. எல்லா இனங்களையும் எழுதிய பட்டியலில்தான் ஒரு பறவை "இல்லை" என்பதற்குப் பொருள் உண்டு.

பதிவுகளின் பயன்

சிட்டுக்குருவி: சிட்டுக்குருவி அழிந்து வருகிறது என்றும், அலைபேசிக் கோபுரங்களே அதற்குக் காரணம் என்றும் பரவலாகச் சொல்லப்பட்டது. பறவை நோக்கர்களின் பதிவுகளைக் கொண்டு 2020-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை குறித்த அறிக்கை, நாடு முழுவதையும் நோக்கச் சிட்டுக்குருவியின் நிலை பெரும்பாலும் மாறவில்லை என்றும், சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் குறைந்துள்ளது என்றும் தெரிவித்தது. கோபுரங்களே காரணம் என்பதற்கு உறுதியான சான்று கிட்டவில்லை. குஞ்சுகளுக்குத் தேவையான பூச்சிகள் குறைந்ததும், கூடு கட்டும் இடுக்குகள் புதிய கட்டிடங்களில் இல்லாததும் காரணங்களாகக் கருதப்படுகின்றன.

பாறு: இறந்த கால்நடைகளை உண்ணும் பாறுகள் ஒருகாலத்தில் இந்தியாவெங்கும் மிகுதியாக இருந்தன. மிகுதியாக இருந்ததாலேயே அவற்றை எண்ணியவர்கள் மிகக் குறைவு. இராசத்தானின் கேவலாதேவ் தேசியப் பூங்காவில் 1980-களில் எடுத்த கணக்குகள் இருந்தமையால், 1990-களின் பிற்பகுதியில் அங்கு ஏற்பட்ட வீழ்ச்சியை விபு பிரகாசு அளந்து காட்ட முடிந்தது. கால்நடைகளுக்குத் தரப்பட்ட டைக்குளோபினாக் என்னும் வலிநீக்கி மருந்து பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்வது 2004-இல் நிறுவப்பட்டது. 2006-இல் இந்திய அரசு கால்நடை மருத்துவத்தில் அதற்குத் தடை விதித்தது. அதற்குள் வெண்முதுகுப் பாறுகளில் ஆயிரத்தில் ஒன்றே எஞ்சியிருந்தது. தமிழ்நாட்டில் இன்று இவை முதன்மையாக நீலகிரி மாவட்டத்தின் மாயாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிக் காணப்படுகின்றன. திருக்கழுக்குன்றத்தில் நண்பகலில் உணவு பெற வந்துகொண்டிருந்த மஞ்சள்முகப் பாறுகளின் வருகையும் 1990-களின் இறுதியில் நின்றுபோனது.

2023-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, 30,000-க்கும் மேற்பட்ட பறவை நோக்கர்கள் இட்ட ஏறத்தாழ 3 கோடிப் பதிவுகளை ஆராய்ந்தது. நெடுங்காலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 இனங்களுள் 204 இனங்கள் குறைந்துள்ளதாக அது கண்டறிந்தது. மயில் போன்ற சில இனங்கள் பெருகியுள்ளன. இந்தியாவில் மொத்தம் உள்ள 1,300-க்கும் மேற்பட்ட இனங்களோடு 338-ஐ ஒப்பிட்டால், போதிய பழைய பதிவுகள் இல்லாமையால் எத்தனை இனங்களின் கதை தெரியாமல் உள்ளது என்பது விளங்கும்.

கணக்கெடுப்புகள்

நீர்ப்பறவைகளுக்கான ஆசியக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வோர் ஆண்டும் சனவரியில் நடைபெறுகிறது. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறை நாள்களில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடத்தப்படுகிறது. இதில் 15 நிமிடங்களாவது ஓரிடத்தில் பறவைகளைப் பார்த்து, முழுமைப் பட்டியலை இட வேண்டும். வீட்டு மாடியிலிருந்தே இதனைச் செய்யலாம் என்பதால் மாணவர்களும் முதியவர்களும் பங்கேற்கின்றனர்.

தமிழ்நாட்டில் பறவை நோக்கத்தக்க இடங்கள்

* வேடந்தாங்கல் (செங்கல்பட்டு மாவட்டம்): பறவைகளைச் சுடுவதைத் தடுக்க 1798-ஆம் ஆண்டிலேயே இவ்வூர் மக்கள் அன்றைய ஆட்சியர் லயனல் பிளேசிடம் ஆணை பெற்றனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாவதை அவர்கள் அறிந்திருந்தனர். கூழைக்கடா, நத்தைக்குத்தி நாரை, அரிவாள்மூக்கன், நீர்க்காகம் முதலியவை இங்கு கூடு கட்டுகின்றன.
* கூந்தன்குளம் (திருநெல்வேலி மாவட்டம்): ஊருக்குள் உள்ள மரங்களிலேயே நாரைகளும் கூழைக்கடாக்களும் கூடு கட்டுகின்றன.
* வேட்டங்குடி (சிவகங்கை மாவட்டம்): பறவைகள் அஞ்சி ஓடிவிடும் என்பதால், இங்குள்ள கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை.
* கோடியக்கரை (நாகப்பட்டினம் மாவட்டம்): பூநாரைகளும் கரையோர உள்ளான்களும் பெருந்திரளாக வரும் இடம். தமிழ்நாட்டின் முதல் இராம்சார் ஈரநிலமாக 2002-இல் அறிவிக்கப்பட்டது.
* பள்ளிக்கரணை (சென்னை): குப்பைக் கிடங்காலும் கட்டிடங்களாலும் பெருமளவு சுருங்கிப்போன சதுப்புநிலம். எஞ்சிய பகுதி 2022-இல் இராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.
* வால்பாறை (கோயம்புத்தூர் மாவட்டம்): ஆனைமலைக் காடுகளில் பெரிய இருவாச்சி உள்ளிட்ட மலைப் பறவைகளைக் காணலாம்.

நெறிமுறைகள்

* கூட்டை நெருங்குதல், கூட்டை மறைக்கும் கிளைகளை ஒதுக்குதல், குஞ்சுகளைப் படம்பிடிக்க அருகில் காத்திருத்தல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். தாய்ப்பறவை விலகி நிற்கும் நேரத்தில் காகம் முட்டைகளைக் கவர்ந்துவிடும்.
* பறவையை வரவழைக்கப் பதிவு செய்த குரலை ஒலிக்கச் செய்யக் கூடாது. தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டதாகக் கருதி அது இரையையும் கூட்டையும் விட்டு அலையும்.
* நீர்நிலைகளில் கூட்டமாக அமர்ந்துள்ள பறவைகளைப் படத்துக்காகப் பறக்க வைக்கக் கூடாது. நெடுந்தொலைவு வந்த பறவைகளுக்கு இது வீண் ஆற்றல் இழப்பு.
* ஆந்தை முதலிய பறவைகளின் கூடுள்ள இடத்தைப் பொதுவெளியில் அறிவிக்கக் கூடாது.
* கிளி, முனியா போன்ற இந்தியப் பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம் ஆகும். கிளியைக் கூண்டில் வளர்ப்பதும் இதில் அடங்கும்.
* தனியார் நிலத்துக்குள் செல்லும் முன் உரிமையாளரிடம் ஒப்புதல் பெற வேண்டும்.

இப்பொழுதுபோக்கைத் தொடங்க விரும்புவோர் வீட்டருகில் உள்ள ஓர் இடத்தைத் தேர்ந்து, வாரம் ஒருமுறை ஒரே நேரத்தில் 15 நிமிடங்கள் நின்று, காண்பவற்றைக் காகம் உட்பட அனைத்தையும் எழுதி வரலாம். பெயர் தெரியாத பறவைக்கு அதன் அளவு, அலகு, நடத்தை ஆகியவற்றை எழுதி வைத்துப் பின்னர் கையேட்டுடன் ஒப்பிடலாம். ஓராண்டு முடிவில் 52 பட்டியல்கள் சேரும். அந்த இடத்தில் பின்னாளில் ஏற்படும் மாற்றத்தை அளக்க அவையே முதல் சான்றாக அமையும்.